நித்திரை எண்டு நம்பி ரெண்டு பற்றரியைச் சாகக்குடுத்த கதை

போன ஐப்பசியிலை ஆராவது ஒராள் என்னைப் பிடிச்சு இருத்தி இதுகளைச் சொல்லியிருந்தால் எனக்கு ஏழு கிழமையும் அம்பதாயிரம் ரூபாக்கு மேலையும் மிஞ்சியிருக்கும். ஒருத்தரும் சொல்லேல்லை, கேக்கிறதுக்கும் இஞ்சை ஆள் இல்லை. கிளிநொச்சியிலை போன், கொம்பியூட்டர் திருத்திற ஆக்கள் கனபேர் இருக்கினம், நானும் அதைத்தான் செய்யிறன், ஆனா லினக்ஸ் ஓடுற ஒரு சின்ன போட்டை, அதாவது ஒரு பலகையிலையே முழுக் கொம்பியூட்டரும் இருக்கிற சாமானை, கரண்ட் மிச்சம்பிடிக்க நித்திரையாக்கி எழுப்பிறதைப் பற்றிக் கதைக்க ஒரு குஞ்சு குருமானும் இல்லை. அதாலை முழுக்கத் தனியத்தான் மாரடிச்சனான்.

விசயம் இதுதான். மாங்குளத்துக்கு மேற்கை காட்டுக்கரையோடை ஒரு சின்னக்குளம் இருக்கு, எங்கடை பெரியப்பாவுக்கு அதுக்குக் கீழை வயல். 2018 மார்கழி வெள்ளத்திலை கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் பட்ட பாடு ஞாபகம் இருக்குத்தானே, அதுக்குப் பிறகு அங்கத்தைக் கமக்காரருக்கு மழை இறுக்கினால் இரவிலை நித்திரை இல்லை, ரோச்சைக் கொண்டு யானைக்குப் பயந்து பயந்து கட்டிலை நடந்துபோய்த் தண்ணி மட்டம் பாப்பினம். நான் பெரிய வீரன் மாதிரி, "பெரியப்பா, நான் ஒரு கமரா வைச்சு விடுறன், மணித்தியாலத்துக்கு ஒருக்கா அளவுகோலைப் படம் எடுத்து உங்கடை போனுக்கு அனுப்பும்" எண்டு சொல்லிப்போட்டன். கமரா, இன்ரநெற்றுக்கு யூஎஸ்பியிலை குத்திற 4ஜி டொங்கிள், ஓல்வின்னர் ஏ64 சிப் போட்ட ஒரு போட், 20 வாட் சோலார் பனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பற்றரி. படம் எடுத்து அனுப்பிப்போட்டு போட் நித்திரைக்குப் போகும், அடுத்த மணித்தியாலம் தானா எழும்பும். பேப்பரிலை வடிவாத்தான் இருந்தது.

ஆவணி, புரட்டாதியிலை வீட்டுக் கூரையிலை வைச்சுப் பாத்தன், ரெண்டு மாசம் ஒரு பிழையும் இல்லை. அதுதான் முதல் பிழை. அந்த நேரத்து வெயில் எப்பிடிப்பட்ட வெயில், அந்த 20 வாட் பனல் ஒரு நாளைக்கு 70 வாட்-அவருக்கு மேலை தந்துகொண்டிருந்திருக்கு, அந்த வெயிலுக்கு எந்தப் பிழையும் மறைஞ்சு போகும். நான் பனலைக் கழட்டி வைச்சுப்போட்டு பற்றரியிலை மட்டும் எத்தினை நாள் ஓடுது எண்டு ஒருக்காலும் பாக்கேல்லை. நீங்கள் செய்யிறதெண்டால் முதல் நாளே பனலைக் கழட்டுங்கோ.

ஐப்பசி கடைசியிலை கொண்டுபோய்ப் பூட்டினன், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சு, கச்சானும் வேண்டிக்கொண்டு புழுகத்தோடை போனனான். மழை துவங்கிச்சுது. மூண்டாம் நாள் விடிய படம் வரேல்லை. போய்ப் பாத்தால் பற்றரி 9 வோல்ட்டுக்குக் கீழை கிடக்குது. ஒரு தரம் போய்வர 90 கிலோமீற்றர், பெற்றோலும் சாப்பாடும் எண்டு ஆயிரம் ரூபாக்குக் கிட்ட வரும், கடைசி ஆறு கிலோமீற்றர் சேறு, அதுக்கை யானை லத்தி வேறை. பற்றரி சின்னன் எண்டு நானே தீர்ப்புச் சொல்லி 24,000 ரூபா குடுத்து 26 ஆம்பியர்-அவர் பற்றரி ஒண்டு வேண்டிப் பூட்டினன். அது ஏழாம் நாள் விழுந்துது. ஈயப் பற்றரியை அப்பிடி அடிவரைக்கும் இறக்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது, முதல் பற்றரி அதோடை சரி, பெரிசு இப்ப அரைவாசி கூடத் தாங்காது. அளந்து பாக்காமல் சாமான் வேண்டினதாலை போன காசு அது, இண்டைக்கும் நினைச்சால் வயிறு எரியுது.

அதுக்குப் பிறகுதான் மீற்றரை எடுத்தன், அதிலையும் பிழை விட்டன். மல்ரிமீற்றரை மில்லியாம்பியர் நிலையிலை வைச்சு 5 வோல்ட் வயருக்கு நடுவிலை குடுத்தன், போட் எழும்பேக்கை அரை ஆம்பியருக்கு மேலை இழுக்கும், மீற்றருக்குள்ளை இருந்த பியூஸ் எரிஞ்சு போச்சு. பியூஸ் மாத்தி 10 ஆம்பியர் ஓட்டையிலை குத்தினால் போட் ஓடுது, ஆனா நித்திரைக் கரண்ட்டைச் சரியா வாசிக்க அந்த ரேஞ்சிலை இலக்கம் காணாது. யூஎஸ்பியிலை குத்திற அந்தச் சின்ன மீற்றரும் குறைஞ்ச கரண்ட்டிலை வாய்க்கு வந்ததைச் சொல்லும். கடைசியா 0.1 ஓம் றெசிஸ்ரர் ஒண்டைத் தொடரிலை போட்டு அதுக்குக் குறுக்கை மில்லிவோல்ட் வாசிச்சன், அதுவும் 12 வோல்ட் பக்கத்திலை, ஏனெண்டால் பற்றரிக்குத் தெரியிற உண்மையான செலவு அங்கைதான் தெரியும். இன்னொண்டு, போட் எழுதிற செய்திகளைப் பாக்கிற சீரியல் கேபிள் குத்தியிருக்கேக்கை அளக்காதேங்கோ. போட் நிண்டாலும் அந்தக் கேபிளின்ரை சிக்னல் வயராலை கொஞ்சக் கரண்ட் உள்ளுக்குப் போய்க்கொண்டிருக்கும், வாசிப்புப் பிழைக்கும். நான் அதாலை ஒரு பின்னேரம் முழுக்க மினைக்கெட்டனான்.

அளந்தால் தலை சுத்துது. முழிச்சிருக்கேக்கை எல்லாம் சேர்த்து 2.7 வாட். நித்திரையிலை? 2.4 வாட். இதென்ன நித்திரை, கண்ணை மூடிக்கொண்டு கதை கேக்கிற ஆள் மாதிரி! ஒரு நாளைக்கு 58 வாட்-அவர் போகுது, மழை நாளிலை பனல் தாறது 15ஓ என்னவோ. பற்றரி எப்பிடி நிக்கும்.

இஞ்சைதான் எல்லாரும் விழுகிற குழி இருக்கு. நாங்கள் லினக்ஸை நித்திரைக்கு அனுப்பிற பவர் ஸ்ரேற் பைலுக்கை மெம் (mem) எண்டு எழுதினால் போட் ராம் நித்திரைக்கு, அதாவது ராமை மட்டும் உயிரோடை வைச்சு மிச்சத்தை நிப்பாட்டிற நித்திரைக்கு, போகுது எண்டு நினைக்கிறம். அப்பிடி இல்லை. அதே இடத்திலை மெம்-ஸ்லீப் (mem_sleep) எண்டு இன்னொரு பைல் இருக்கு, மெம் எண்டு சொன்னால் உண்மையிலை என்ன நடக்கவேணும் எண்டதை அதுதான் சொல்லுது. அதைத் திறந்து பாத்தன், எஸ்2ஐடில் (s2idle) எண்டு மட்டும் கிடக்குது, அந்த ராம் நித்திரையைக் குறிக்கிற டீப் (deep) எண்ட சொல்லே இல்லை. எஸ்2ஐடில் எண்டால் புரோகிராம்களை உறைய வைச்சு, ட்ரைவர்களைப் படுக்கச் சொல்லிப்போட்டு, சிப் சும்மா ஐடிலிலை கிடக்கிறது, ராமும் மற்றதுகளும் கரண்ட் குடிச்சபடிதான். லினக்ஸின்ரை அடி மையமான கேர்னல் எழுதிற லொக்கிலையும் ஒவ்வொரு தரமும் சஸ்பெண்ட் என்ட்ரி எண்டு எழுதிப் பக்கத்திலை எஸ்2ஐடில் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு, நான்தான் வாசிக்கேல்லை. ஒரு எரரும் வராது, எழும்பியும் வரும், எல்லாம் சரி மாதிரியே இருக்கும். ரெண்டு மாசமா என்னை நல்லாப் பேய்க்காட்டியிருக்கு. எந்த போட் எண்டாலும் சரி, வேண்ட முதல் ஆரிட்டையாவது கேட்டு அந்தப் பைலிலை டீப் இருக்கோ எண்டு பாருங்கோ, சில பிரபலமான போட்களிலை அது கிடையவே கிடையாது.

ஏ64 மாதிரிச் சிப்பிலை ஏன் டீப் இல்லை எண்டு தேடிப்போனால், பெரிய கோர் எல்லாத்தையும் நிப்பாட்டி ராமைத் தானே புதுப்பிக்கிற நிலையிலை விட்டால், பிறகு ஆர் எழுப்பிறது? அதுக்கெண்டு சிப்புக்குள்ளை ஏஆர்100 எண்டு ஒரு குட்டிக் கோர் இருக்கு, அது ஓப்பின்-றிஸ்க் எண்ட வேறை வகை, பெரிய கோர் மாதிரி ஏஆர்எம் (ARM) வகை இல்லை. அதுக்குள்ளை ஓட ஒரு பேர்ம்வெயார், அதாவது அந்தச் சிப்புக்கெண்டே எழுதின சின்ன மென்பொருள், வேணும், கிறஸ்ட் எண்டு திறந்த மூல பேர்ம்வெயார் ஒண்டு இருக்கு. அது, போட்டைத் துவக்கி வைக்கிற பூட்லோடரோடை சேர்ந்து வராட்டில் கேர்னலுக்கு டீப் எண்ட வசதி இருக்கெண்டே தெரியாது. லினக்ஸைப் பொதியாக்கித் தாற சில டிஸ்ரோக்காரர் தாங்களே அதைச் சேர்த்துத் தருகினம், நான் போட்டிருந்த இமேஜிலை இல்லை. அந்தக் குட்டிக் கோருக்கு வேறை கொம்பைலர், பிறகு யூ-பூட் எண்ட அந்தப் பூட்லோடரைத் திருப்பிக் கட்டவேணும், டேட்டா பக்கேஜ் முடிஞ்சு மச்சானிட்டை வவுனியாவுக்குப் போய் அங்கை இருந்து இறக்கினன். ஒரு கிழமை போச்சு. ஆனா கட்டி முடிச்சு பூட் பண்ணி அந்தப் பைலைத் திறக்க டீப் எண்ட சொல் நிண்டுது பாருங்கோ, ஓ.எல். றிசல்ட் வந்த நாள் கூட நான் அப்பிடிச் சந்தோசப்படேல்லை.

சந்தோசம் பத்து நிமிசம்தான். நித்திரைக்கு அனுப்பினன், போட் பிறகு எழும்பவே இல்லை. திரும்பத் திரும்ப வயரைக் கழட்டிக் குத்திறதுதான் வேலை, ஒவ்வொரு தரமும் எஸ்டி கார்ட் பழுதாப்போகுமோ எண்ட அந்தரம். இந்த இடத்திலை ஆக்கள் கண்டபடி செற்றிங்ஸ் மாத்தத் துவங்கினம், நானும் ரெண்டு இரவு அதைத்தான் செய்தன். செய்யவேண்டியது என்னெண்டால், முதல் சீரியல் கொன்சோலைக் குத்துங்கோ, 3.3 வோல்ட் கேபிள், மூண்டு வயர் மட்டும், பவர் வயரைத் தொடவேண்டாம். கேர்னல் கொமாண்ட் லைனிலை நோ-கொன்சோல்-சஸ்பெண்ட் எண்டு போடுங்கோ, இல்லாட்டில் நித்திரைக்குப் போகேக்கை முதலே வாயை மூடிப்போடும், எங்கை விழுந்தது எண்டே தெரியாது. பிறகு பிஎம்-டெஸ்ட் எண்டு ஒரு பைல் இருக்கு. அதிலை பிறீசர், டிவைசஸ், பிளாற்போம், புரோசசர்ஸ், கோர் எண்டு அஞ்சு படி. ஒரு படியைத் தெரிவு செய்துபோட்டு நித்திரைக்கு அனுப்பினால் அந்தப் படி வரைக்கும் மட்டும் போய், அஞ்சு செக்கன் நிண்டு, திரும்பி வரும். கிணத்துக்கை இறங்கேக்கை படி படியா இறங்கிற மாதிரி. எந்தப் படியிலை வழுக்குதோ அங்கைதான் கள்ளன்.

எனக்கு பிறீசர் சரி, டிவைசஸிலை தொங்கிச்சுது. லொக்கிலை கடைசியாப் பேர் வந்தது வைபை ட்ரைவர். எனக்கு வைபை தேவையே இல்லை, போட்டிலை என்னென்ன சாமான் இருக்கு எண்டு கேர்னலுக்குச் சொல்லிற டிவைஸ் ட்ரீயிலை அதை அணைச்சு விட்டன், கதை முடிஞ்சுது. உங்களுக்கு வைபை வேணுமெண்டால் நித்திரைக்கு முதல் அந்த ட்ரைவர் மொடியூலைக் கேர்னலிலை இருந்து கழட்டி, எழும்பினாப் பிறகு போடுற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதலாம், கெளரவமான வேலை இல்லைத்தான், ஆனா வேலை செய்யும்.

இப்ப அஞ்சு படியும் பாஸ். உண்மை நித்திரை மட்டும் எழும்பேல்லை. இதிலைதான் எனக்கு விசர் பிடிச்சது, ஏனெண்டால் பிழை என்ரை. முதல் தரம் பற்றரி செத்தாப் பிறகு போட்டின்ரை நேரம் 1970க்குப் போய், பெரியப்பாவின்ரை போனுக்கு 1970ஆம் ஆண்டுப் படங்கள் போயிருந்தது, "தம்பி, இது நான் இளந்தாரியா இருக்கேக்கை உள்ள குளமோ" எண்டு கேட்டவர். அதுக்காக டிஎஸ்3231 எண்ட நேரச் சிப்பை 600 ரூபாக்கு வேண்டிப் பூட்டி, எங்கையோ கிடந்த ஓவர்லே (டிவைஸ் ட்ரீக்கு மேலதிகமாச் சேர்க்கிற துண்டு) ஒண்டைக் கொப்பி பண்ணிப் போட்டிருந்தன். அந்த ஓவர்லே புதுச் சிப்புக்கு ஆர்டிசி0 எண்டு பேர் குடுத்து, சிப்புக்குள்ளை இருந்த சொந்த மணிக்கூட்டை ஆர்டிசி1 ஆக்கிப்போட்டுது. போட்டை நேரத்துக்கு எழுப்ப அலாரம் வைக்கிற ஆர்டிசிவேக் கொமாண்ட், எந்த மணிக்கூடு எண்டு சொல்லாட்டில் ஆர்டிசி0லைதான் அலாரம் வைக்கும். அலாரம் அடிச்சது உண்மை, ஆனா அந்தச் சிப்பிலை அலாரச் சிக்னல் வெளியிலை வாற இன்ரரப்ட் கால் ஒரு இடத்துக்கும் தொடுக்கப்படேல்லை, ஆரும் இல்லாத வீட்டிலை மணி அடிச்ச மாதிரி. வழமையா இப்பிடி எண்டால் இந்த மணிக்கூடு எழுப்பாது எண்டு ஆர்டிசிவேக் எச்சரிக்கும். ஆனா நான் கொப்பி பண்ணினதிலை வேக்கப்-சோர்ஸ் எண்டு ஒரு வரி கிடந்தது, அது கேர்னலுக்கு "ஓம் ஓம், இது எழுப்பும்" எண்டு பொய்ச்சத்தியம் பண்ணிற வரி. ஆர்டிசி1 எண்டு கொமாண்டிலை சொன்னன், அறுபது செக்கனிலை கொன்சோலிலை எழுத்து ஓடிச்சுது. நாலு நாள் தேடினதுக்கு மருந்து ஒரே ஒரு இலக்கம். மற்றவன்ரை டிவைஸ் ட்ரீயைக் கொப்பி பண்ணேக்கை ஒவ்வொரு வரியும் என்ன சத்தியம் பண்ணுது எண்டு பாருங்கோ.

இப்ப உண்மையா நித்திரை கொள்ளுது, எழும்புது. அளந்தன், இன்னும் 1.5 வாட்! போட் மட்டும் பாத்தால் 0.15தான். மிச்சம் எங்கை? டொங்கிள். போட் நித்திரை கொண்டாலும் என்ரை போட்டிலை யூஎஸ்பிக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்குது, டொங்கிள் விடிய விடிய ரவரோடை கதைச்சுக்கொண்டு இருந்திருக்கு, அது மட்டும் 1.1 வாட். சுவிட்ச் மாதிரி வேலை செய்யிற ஒரு மொஸ்பெட்டைப் போட்டு அந்த 5 வோல்ட்டை, புரோகிராமாலை போட்டு நிப்பாட்டக்கூடிய ஒரு ஜிபிஐஓ காலாலை வெட்டினன், எழும்பினாப் பிறகு சிக்னல் பிடிக்க அரை நிமிசம் கூடப் போகும், போகட்டும். அடுத்தது 12ஐ 5 ஆக்கிற அந்த மலிவு மொடியூல், சிவப்பு இலக்கத்திலை வோல்ட் காட்டுமே, வடிவா இருக்கெண்டு வேண்டினனான், அந்த வடிவுக்கே இருவது மில்லியாம்பியர். டிஸ்பிளே இல்லாத எல்எம்2596 சிப் போட்ட மொடியூல் கூடச் சும்மா இருக்க 5 மில்லியாம்பியர் குடிக்கும். சும்மா இருக்கேக்கை குறையக் குடிக்கிற கொன்வேற்றர் ஒண்டு தேடி எடுத்து, எல்ஈடி லைற்றுகளையும் கழட்டி எறிஞ்சன். 0.18 வாட்டுக்கு வந்துது. கேர்னலை மட்டும் நோண்டிக்கொண்டு இருந்திருந்தால் இதுகள் ஒருக்காலும் பிடிபட்டிராது.

பிறகும் சில இரவிலை நித்திரைக்குப் போன உடனை எழும்பி, போய், எழும்பி. கேர்னல் தன்ரை உள்விபரங்களைக் காட்டிற டிபக்-எப்எஸ்ஸிலை வேக்கப்-சோர்சஸ் எண்டு பட்டியல் இருக்கு, எது எத்தினை தரம் எழுப்பினது எண்டு கணக்கோடை வரும். பெட்டி மூடியிலை நான் வைச்ச சுவிட்ச்சின்ரை வயர் ரெண்டு மீற்றர், மின்னல் வெட்டேக்கை ஏரியல் மாதிரி இழுத்திருக்கு. அந்த வயரைச் சும்மா தொங்க விடாமல் இழுத்துப் பிடிக்க 10 கிலோ ஓம் புல்-அப் றெசிஸ்ரர் ஒண்டு, சரி.

எல்லாம் முடிச்சு ஆறுதலா இருந்து ஒருநாள் கணக்குப் பாத்தன், அதை முதல் நாளே பாத்திருக்கவேணும். போட்டை முழுக்க நிப்பாட்டித் திருப்பி பூட் பண்ண 45 செக்கன், 2.4 வாட், அதாவது 108 யூல். 0.15 வாட்டிலை நித்திரை கொண்டால் அந்த 108 யூல் 12 நிமிசத்திலை முடிஞ்சிடும். எண்டால் 12 நிமிசத்துக்குள்ளை திருப்பி எழுப்பிறதெண்டால்தான் நித்திரை லாபம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டால் முழுசா நிப்பாட்டிப் பவரை வெட்டிறதுதான் லாபம்! ஏழு கிழமை நான் மாரடிச்ச அலுவல் எனக்குத் தேவையே இல்லாத அலுவல். அண்டைக்கு இரவு சாப்பிடாமல் படுத்தனான், அம்மா காய்ச்சலோ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாத்தவ.

ஆனா முழுக்க வீண் எண்டும் சொல்லமாட்டன். குளம் வான் பாயிற மட்டத்துக்குக் கிட்ட வந்தால் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் படம் வேணும், அப்ப நித்திரை. மற்ற நேரம் முழுசா நிப்பாட்டு. என்னை ஏமாத்தின அந்த டிஎஸ்3231 இன்ரை இன்ரரப்ட் காலை இப்ப 5 வோல்ட் பக்கத்து மொஸ்பெட்டுக்குத் தொடுத்திருக்கிறன், அலாரம் அடிக்கப் பவர் வரும், வேலை முடிய போட் ஒழுங்கா ஷட்டவுண் ஆகி அலாரத்தை அழிக்கப் பவர் போகும். படமும் லொக்கும் எழுதிற பகுதியைத் தவிர எஸ்டி கார்ட்டை வாசிக்க மட்டும் எண்டு மாத்தி விட்டன்.

இந்த மார்கழியிலை நாலு நாள் வெயிலே இல்லை, அந்த அரைவாசி செத்த பெரிய பற்றரியோடையே 12.3 வோல்ட்டிலை நிண்டுது. அஞ்சாம் நாள் விடிய அஞ்சரைக்குப் பெரியப்பா போன் எடுத்தார், எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, திரும்பவும் விழுந்திட்டுதாக்கும் எண்டு. "தம்பி, படம் வந்தது, அளவுகோலுக்குப் பக்கத்திலை ஒரு மாடு நிக்குது, குறி தெரியேல்லை, ஆற்றை மாடு எண்டு கொஞ்சம் பெரிசாக்கிப் பாக்க ஏலுமோ?"